கிள்ளான் கோயில் வாசலில் விட்ட ஏழு ஜோடிச் சப்பாத்துகள்

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போக நினைக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். ஆறவில்லை. எனவே கோபத்தோடேயே எழுதுகிறேன், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் மிஷன் பள்ளியில் நான் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன், விளையாட்டும் என் பொறுப்பு. கிள்ளானில் உள்ள இன்னொரு மிஷன் பள்ளி வருஷத்துக்கு ஒருமுறை சுற்றுவட்டாரக் கிறிஸ்தவப் பள்ளிகளை அழைத்து ஓட்டப்பந்தயம் நடத்துகிறது. ஒரு மைல் ஓட்டத்தில் முதலில் வருகிறவன் ஈப்போவில் நடக்கும் பெரிய பந்தயத்துக்குப் போகலாம். எங்கள் பள்ளியிலிருந்து இதுவரை ஒருவனும் போனதில்லை. இந்த வருஷம் ஞானமுத்து போவான் என்று நான் உறுதியாக நம்பினேன். அவன் அப்பா ரயில் பாதையில் கட்டை மாற்றும் வேலைக்காரர். பையன் தினமும் காலையில் அந்தப் பாதையோரமாகவே ஓடிப் பழகியவன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி வண்டியில் ஏழு பையன்களோடு கிளம்பினேன். மூன்றாம் வகுப்பு, பையன்களுக்கு அரைக் கட்டணம். ஏறக்குறைய இருபது மைல், ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகளை இன்ஜினுக்கு அடுத்த பெட்டியில் மட்டும் ஏற்றாதீர்கள், இறங்கும்போது எல்லாருக்கும் கரி மீசை முளைத்திருக்கும். பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரம்தான். விலை விழுந்ததிலிருந்து பல இடங்களில் பால் வெட்டக்கூட ஆளில்லை.

கிள்ளான் ஸ்டேஷனுக்கு எதிரே நம்மவர் கடையில் இட்லி நன்றாக இருக்கிறது, சட்னிக்குக் கஞ்சத்தனம் இல்லை. அங்கிருந்து பள்ளிக்குப் பத்து நிமிஷ நடை. ரிக்‌ஷா வேண்டாம்.

பந்தயத்துக்கு முன் பள்ளிக்குப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயிலில் ஜெபம். அது ஆங்கில ஆராதனை நடக்கும் கோயில், எல்லாரும் காலில் சப்பாத்தோடு உள்ளே போகிறவர்கள். எங்கள் பையன்கள் தமிழ்ச் சபைப் பிள்ளைகள். யாரும் சொல்லாமலே படியில் கித்தான் சப்பாத்துகளைக் கழற்றி, ஜோடி ஜோடியாக வரிசையில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். நானும் கழற்றினேன். என்னுடையது பழைய தோல் சப்பாத்து, அதைத் தூணுக்குப் பின்னால் விட்டேன்.

ஜெபம் முடிந்து வெளியே வந்தால் படி சுத்தமாக இருக்கிறது. தூணுக்குப் பின்னால் என்னுடையது மட்டும் கிடக்கிறது!

நடந்தது இதுதான். வேலை போன தோட்டக் குடும்பங்களுக்காக மாதர் சங்கத்து அம்மாமார் அன்று வாசலில் துணிமணி சேகரித்துக்கொண்டிருந்தார்கள். அழகாக வரிசை வைத்த ஏழு ஜோடியையும் தர்மம் என்று நினைத்து மூட்டை கட்டி, பந்திங் பக்கம் போகிற லோரியில் ஏற்றிவிட்டார்கள். ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து எங்கள் பள்ளியின் தாராள மனசை ஆங்கிலத்தில் புகழ்ந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிற சபையை அவர் கண்டிருக்கவே மாட்டார்.

பந்தயச் செயலாளர் அந்தப் பள்ளி ஆசிரியர், நம் தமிழர்தான். நேராக அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"வெறுங்கால்ல ஓடலாமா?" என்று கேட்டேன்.

"ஓடட்டும் மாஸ்டர். சின்னப் பசங்கதானே லா."

ஓடினார்கள். மற்ற ஆறு பேரும் தத்தம் ஓட்டங்களில் கடைசிக்குப் பக்கத்தில் வந்தார்கள், அதில் சப்பாத்தின் குற்றம் ஒன்றும் இல்லை. ஞானமுத்து மைல் ஓட்டத்தில், அந்தப் பள்ளியின் சொந்தப் பையனைக் கடைசி வளைவில் தாண்டி, இருபது கஜம் முன்னால் வந்து நின்றான். நான் தொப்பியைத் தூக்கி எறிந்தேன், திரும்ப எடுக்கவும் மறந்துவிட்டேன்.

பரிசு கொடுக்கும்போது இரண்டாவதாக வந்த பையனைக் கூப்பிட்டார்கள். சப்பாத்து இல்லாமல் ஓடியதால் முதலாமவன் ஓட்டம் செல்லாதாம்.

"காலையில நீங்கதானே ஓடட்டும்னு சொன்னீங்க?" என்று செயலாளரை மடக்கினேன்.

"ஓடட்டும்னுதான் சொன்னேன் மாஸ்டர். ஜெயிக்கட்டும்னு சொல்லலையே."

"தமிழ் ஆராதனைக்கு நீங்க சப்பாத்தோடதான் உள்ள போவீங்களா?"

"அது வேற, இது வேற" என்று கோப்பையைத் துடைக்கப் போய்விட்டார். வெட்கம் என்பது கொஞ்சமாவது இருக்க வேண்டாமா? தோற்றால் பிள்ளை விளையாட்டு, ஜெயித்தால் சட்டமா?

திரும்பும் வண்டியில் ஞானமுத்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பத்து தீகா வந்ததும் கேட்டான்.

"சார், கோயிலுக்குள்ள கழட்டாம போயிருக்கணுமா சார்?"

"இல்லடா. நீ செஞ்சதுதான் சரி."

"அப்போ ஈப்போ?"



எங்கள் தலைமையாசிரியராவது ஒரு புகார் எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். திங்கட்கிழமை காலைப் பள்ளிக் கூட்டத்தில் பள்ளியின் சாதனைகளை வாசித்தார். வேத வசனப் போட்டியில் முதல் பரிசு, பாடலில் இரண்டாவது, கிள்ளானுக்கு இனிய பயணம். இனிய பயணமாம்! ஞானமுத்துவின் பேரே இல்லை. அதோடு ஓர் உத்தரவும் போட்டார்: இனி வெளியூர்க் கோயில்களில் நம் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றக்கூடாது, பள்ளிக்கு அவமானம்.

இனிமேல் போகிறவர்களுக்கு நான் சொல்வது: செயலாளர் வாயால் எதைச் சொன்னாலும், இரண்டு பேர் முன்னிலையில் சொல்லச் சொல்லுங்கள். கோயிலுக்குள் பிள்ளைகள் கழற்றட்டும், ஒரு ஆசிரியர் மட்டும் படியில் காவல் இருக்கட்டும். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உத்தரவு வெளியூர்க் கோயில்களுக்குத்தான். ஆனால் போன ஞாயிறு எங்கள் தமிழ்க் கோயிலுக்கு ஞானமுத்து யாரிடமோ இரவல் வாங்கிய சப்பாத்தோடு வந்தான். வாசலில் அவன் அப்பா தம்முடைய செருப்பைக் கழற்றிவிட்டு மகன் காலைப் பார்த்தார். மகன் நிற்கவில்லை. டக் டக்கென்று நடந்து போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தான். ஒருவரும் அவனைக் கழற்றச் சொல்லவில்லை. நானும்தான்.