எண்ணப்படாத கைகள்

சென்ற வாரம் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில், சப்பாத்துத் தைக்கக் கொடுத்திருந்த கடையின் மேசைமணியை யாரோ தட்டினார்கள். பேசிக்கொண்டிருந்த நான் சட்டென்று வாயை மூடிக்கொண்டேன், நண்பரே. பட்டிமன்றத்தில் பழகிய நாவுக்கு அவ்வொலி ஒரு கட்டளை: நேரம் முடிந்தது. அடுத்த கணமே பழைய கோபமும் வந்துவிட்டது.

கோபத்தோடு ஈரக் குளிரங்கிகளின் வாடையும் ரோல்ஸ் பொரியும் வாசமும் வந்தன. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, ஸ்டோவ்னரில், குளிர்நாட்டுக்கு வந்த எங்கள் தமிழ் மன்றத்தின் மண்டபம். அப்பாவின் கோட்டுக்குள் விரல்நுனி மட்டும் தெரிய, உலகைத் திருத்த வந்தவன்போல் மேடையில் நின்றேன். அன்றைய தலைப்பு: விடுதலை பெற்ற அமெரிக்க மாநிலங்கள், மக்கள் உரிமைகள் எழுதப்படாத புதிய அரசியலமைப்பை ஏற்றது சரியா, தவறா? அமெரிக்காவைப் பற்றியென்றால் எவர் மனமும் நோகாது என்று ஏற்பாட்டாளர்கள் எண்ணினார்கள். ஆனால் ஊர்ச் சமாதானப் பேச்சுவார்த்தைச் செய்திகளோடு விடிந்த அந்நாள்களில், எந்த நாட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

சீட்டுக் குலுக்கியதில் எனக்குத் ‘தவறு’ விழுந்தது. எதிரணியில் நின்ற சுமதி அக்காவுக்குச் ‘சரி’.

“முதல்ல கூரையைப் போடுவம், யன்னலைப் பிறகு வைக்கலாம். மழைக்குள்ள நிண்டுகொண்டு யன்னலுக்கோ சண்டை?” என்றார் அவர்.

“யன்னலில்லாமக் கட்டினா அது வீடில்லை அக்கா, சிறைக்கூடம்!” என்றேன். எழுந்த கைதட்டலில் அரை அடி வளர்ந்ததாக நினைவு. கோட்டு மட்டும் அளவாகவில்லை.

அப்போது ஹவுகெட்டோவிலிருந்து வந்திருந்த, இங்கேயே பிறந்த நிலா சபையில் எழுந்தாள். “அங்கிள், தீர்ப்பை நாங்களே கை உயர்த்திச் சொல்லலாமே? எங்கட மாடிவீட்டுக்காரர் கூட்டத்தில சைக்கிள் கொட்டிலுக்கு என்ன பெயின்ற் எண்டதுக்கே ஸ்டெம்மெ, அதான் வோட்டு, போடுறனாங்கள்!”

நடுவர், எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பின் ஆசிரியர், புன்னகைத்தார். “பிள்ளை, சைக்கிள் கொட்டில் வேற. கை உயர்த்தினா ஆர் எந்தப் பக்கம் எண்டு தெரிஞ்சுபோம். நாளைக்கு ஆளையாள் முகம் பாக்க வேண்டாமோ?” மணியைத் தட்டினார். “ரெண்டு பக்கமும் சரி. வாங்கோ, சாப்பாடு ஆறுது.”

சபை மகிழ்ந்து எழுந்தது. நான் மேடையிலேயே நின்றேன். மக்கள் ஒரு சட்டத்தை ஏற்பதா மறுப்பதா என்று மாலை முழுதும் முழங்கிவிட்டு, எதிரே அமர்ந்திருக்கும் மக்களைக் கேட்க மறுப்பது என்ன மன்றம்? மறுக்க இடமில்லாத அவையில் ஏற்பு என்ற சொல்லுக்கு என்ன பெறுமதி? தோற்றிருந்தால் தாங்கியிருப்பேன், ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாலும். எண்ணாமலே சமன் செய்ததை இன்றும் தாங்க முடியவில்லை.

குளிரங்கிகள் மாட்டியிருந்த நடையில் சுமதி அக்கா காதருகே குனிந்தார். “வோட்டு வைச்சிருந்தா நான் உன்ர பக்கம்தான், தம்பி.”

“அதை உள்ளுக்குச் சொல்லியிருக்கலாமே, அக்கா?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “மெல்லக் கதை.”

அந்த மன்றம் இன்றில்லை. நிலா வேறு நாட்டுக்குப் போய்விட்டாள். ஊர்ப் பேச்சுவார்த்தையும் முறிந்தது. மண்டபம் உடற்பயிற்சிக்கூடமாகிவிட்டது. சப்பாத்தை வாங்கிக்கொண்டு ஸ்டோவ்னருக்குப் போய், கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே வரிசையாகக் கைகள் உயர்ந்தன, இரும்பு தூக்க. அன்று எத்தனை உயர்ந்திருக்கும் என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.