மீன் பக்கத்தில் வைத்த கை

போன் வாங்கப் போகிறவன் எல்லாம் முதலில் கேட்பது, மெமரி எவ்வளவு என்றுதான். அறுபத்துநாலு போதுமா, நூற்றிருபத்தெட்டு வேண்டுமா, அதற்கும் மேலே வேண்டுமா? எங்கள் லோடு ஆட்டோ ஸ்டாண்டில் இதற்காக ஒரு நாள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வைத்திருப்பது பட்டன் போன், எனக்கு அந்தச் சண்டையில் பங்கு கிடையாது. ஆனால் ஊரூர் குப்பத்து தேசம்மாக்காவுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியும். கூடவே இருந்தேன்.

தேசம்மாக்கா பெசன்ட் நகர் பீச் ரோட்டில் மீன் விற்கிறவள். ஒரு பலகை, ஒரு பெரிய குடை, இரண்டு கத்தி, அதுதான் கடை. எங்கள் கரையில் மீன் படாத நாளில் காசிமேட்டில் ஏலம் எடுத்து என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவாள். வழி முழுக்க யாரையாவது திட்டிக்கொண்டே வருவாள். ஆள் கிடைக்காவிட்டால் என்னைத் திட்டுவாள். வீட்டுக்காரர் குடித்தே போய்ச் சேர்ந்தார். ஒரே பெண், மேகலா. காலேஜ் படித்த பெண். படித்துவிட்டோமே என்று மீன் கூடையைப் பார்த்து மூக்கைப் பிடிக்கிற ஜாதி இல்லை.

அந்தப் பெண்தான் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தது. பெசன்ட் நகர், அடையாறு, கொட்டிவாக்கம் பக்கத்து அபார்ட்மெண்டுக்காரர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். காலையில் மீன் வந்து இறங்கியதும் மேகலா ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் போடுவாள். ஆரம்பத்தில் ஒரே தொல்லை. படத்தில் பார்த்தால் கிழங்கான் எது, கொடுவா எது, எவ்வளவு பெரிசு, ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். அதற்கு அவள் ஒரு வழி செய்தாள். மீனுக்குப் பக்கத்தில் தன் இடது கையை விரித்து வைத்துக்கொண்டு வலது கையால் படம் எடுத்தாள். அன்றிலிருந்து அதுதான் அளவு. "ரெண்டு கை வஞ்சிரம் ஒண்ணு எடுத்து வைங்க" என்று ஆர்டர் வரும். "சங்கரா முக்கால் கையாச்சும் இருக்கணும்" என்பார்கள். மேகலாவின் முகம் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கை எல்லோருக்கும் தெரியும்.

முகத்தைப் படம் பிடிக்கவே விடமாட்டாள். பல் கொஞ்சம் எடுப்பு. யாராவது போனைத் தூக்கினால் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு ஓடிவிடுவாள்.

போன வருஷம் ஐப்பசி மழையில் டெங்கு வந்தது. வெறும் காய்ச்சல் என்று நினைத்து கஷாயம் குடித்துக்கொண்டு கடைக்கு வந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தில் தட்டணு இறங்கிவிட்டது என்றார்கள். என் வண்டியில்தான் போனாள். வீட்டுக்குத் திரும்பி வந்தது என் வண்டியில் இல்லை.

கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் தேடினோம். யாரோ ஒருத்தர் கல்யாணத்தில் எடுத்த கும்பல் படம் ஒன்று கிடைத்தது. ஸ்டுடியோக்காரன் அதிலிருந்து அவள் தலையை மட்டும் வெட்டி எடுத்து, மாவு பூசினது மாதிரி வெள்ளையாக்கி, வாயையும் சரிசெய்து கொடுத்துவிட்டான். அக்கா பேனரைப் பார்த்தாள்.

"யார்ரா இவ?" என்றாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடையைத் திறந்தாள். மேகலாவின் போனிலேயே படம் எடுக்க அவளே கற்றுக்கொண்டாள். மீனுக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். அக்காவின் கை குட்டைக் கை. அதற்குப் பக்கத்தில் எந்த மீனும் பெரிசாகத் தெரியும். ஒரு வாரத்துக்குள் ஒரு அம்மா பையைத் திருப்பிக் கொண்டுவந்து பலகையில் வைத்தது.

"படத்துல ரெண்டு கை இருந்துச்சேம்மா. இது ஒண்ணரை கூட வராது போலிருக்கே. ஏமாத்தலாமா?"

அக்கா வாயைத் திறந்தால் அந்தத் தெருவே காலியாகும். நான் வண்டியிலிருந்து இறங்கிவிட்டேன், விலக்கிவிடுவதற்கு. அவள் தன் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"கை மாறிப்போச்சும்மா. மின்னே இருந்தது என் பொண்ணு கை."

அந்த அம்மா மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மத்தியானம் வியாபாரம் ஓய்ந்து பலகையைக் கழுவிய பிறகு, அக்கா குடைக்குக் கீழே உட்கார்ந்து போனைப் பார்ப்பாள். சீரியல் பார்க்கிறாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் பார்த்தது அந்த மீன் படங்களை. மீன்களைத் தள்ளிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெளுத்தி முள் குத்திய தழும்பு கட்டை விரலில் இருக்கும். மணிக்கட்டில் கோயில் கயிறு புதுசாக இருக்கும், வெளுக்கும், அப்புறம் மறுபடி புதுசாகும். நகச்சாயம் பாதி உரிந்திருக்கும். ரம்ஜானுக்கு சிநேகிதி சிம்ரா வைத்துவிட்ட மருதாணியோடு சங்கரா பக்கத்தில் ஒரு கை. வருஷக்கணக்கில் ஒரு கை மாறிக்கொண்டே வந்தது அந்தப் போனுக்குள் இருந்தது. முகம் இருந்த படங்கள் நாலைந்து தேறும். அதிலும் பாதியில் துப்பட்டாதான்.

அதனால் அந்தப் போனில் அக்கா ஒன்றையும் அழிக்கமாட்டாள். அழிக்கத் தெரியாது என்பது ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கஸ்டமர்கள் தினமும் அனுப்புகிற ரோஜாப்பூ, சூரியன், சாமி படம், எல்லாம் மேலே மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. பங்குனியில் போன் நின்றுவிட்டது. படம் எடுத்தால் இடம் இல்லை என்று சிவப்பு எழுத்து வரும். குரூப்பில் ஆர்டர் வந்தால் திறக்காது. இரண்டு நாள் மீனில் பாதி ஐஸிலேயே கிடந்தது.

"ஜான்சா, வண்டிய எடு. போன் வாங்கணும்" என்றாள்.

சிம்ராவின் அண்ணன் சைஃப் அடையாறில் ஒரு சந்துக்குள் போன் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன். அங்கேதான் போனோம்.

"இன்னாக்கா, இந்தப் பக்கம்?"

"இது மூச்சு வுடமாட்டேங்குது நைனா. பெரிய எடமா கீற போனா ஒண்ணு குடு. மெமரி மெமரின்றானுங்களே, அது ஜாஸ்தியா."

சைஃப் சிரித்தான். "ஜாஸ்தி எதுக்குக்கா? நீ இன்னா சினிமா எடுக்கப் போறியா? போன் பேசுற, வாட்ஸ்அப் பாக்குற, மீன் போட்டோ போடுற. அதுக்கு இதுவே தாராளம். குப்பைய அள்ளிப் போட்டா குதிர மாதிரி ஓடும்."

"பாருக்கா, விக்கிறவனே வேணான்றான்" என்றேன் நான்.

"குப்பைய அள்ளிக்கோ. ஆனா என் பொண்ணு போட்டோ ஒண்ணு கூட போவக்கூடாது. சொல்லிட்டேன் ஆமா."

"போவாதுக்கா. மேகலா எங்க வூட்டுப் பொண்ணு மாதிரி. சிம்ரா இன்னும் அவளப் பத்திதான் பேசிக்கினு கீது. நான் வுட்டுடுவனா?"

சொன்னபடிதான் செய்தான். அவசர வேலை இல்லை. அந்தப் போனே முகத்தைப் பார்த்து ஆளைப் பிரித்து வைக்குமாம். அவன் மேகலா முகத்தைத் தொட்டதும் அவள் படமெல்லாம் வந்து வரிசையாக நின்றது. எண்ணிக்கையில் கம்மியாக இருந்தது என்று, மற்ற கல்யாணப் படங்களையும் பெரிசாக்கித் தேடியிருக்கிறான். பின்னால் நிற்கிறவளைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் ஒரு தனி இடத்தில் போட்டு, அவள் பேர் எழுதி, பத்திரமாக வைத்தான். நாங்கள் டீ குடித்துவிட்டு வந்தபோது போன் ஜம்மென்று ஓடியது. அக்கா அவன் தலையைத் தடவிவிட்டு வந்தாள்.

மத்தியானம் நான் வண்டியில் சாய்ந்து படுத்திருந்தேன். குடைக்குக் கீழே அக்கா போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ளினாள், நின்றது. மேலே போனாள், மறுபடி கீழே வந்தாள்.

"ஜான்சா, மீனு எங்கடா?"

எனக்குப் புரியவில்லை. பலகையில் இருந்த சங்கராவைக் காட்டினேன்.

"இது இல்லடா. மீனுடா. உள்ள இருந்த மீனு."

அவள் குரல் போன விதத்தில்தான் எழுந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் சொன்னாள், தினமும் என்ன பார்த்துக்கொண்டிருந்தாள் என்று.

திரும்ப அடையாறுக்கு எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. சைஃப் விஷயத்தைக் கேட்டான். போனை லேப்டாப்பில் சொருகினான், என்னென்னவோ தட்டினான், யாருக்கோ போன் போட்டு இந்தியில் கெஞ்சினான். கடைக்கு வந்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டான். கடைசியில் கல்லாவுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எடம் வரணும்னு சுத்தமா தொடச்சிட்டன்கா. குப்பத்தொட்டிய கூட காலி பண்ணிட்டேன். காப்பி வேற எங்கயும் ஏறவும் இல்ல, மேகலா மெயிலு ரொம்ப நாளா நிரம்பிப்போய் கெடக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மொகம் இருந்ததெல்லாம் வச்சன்கா. கை யாருதுன்னு போனுக்குத் தெரியாதுக்கா."

அக்கா அவனை ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

"நீ இன்னா பண்ணுவ நைனா. பொண்ணு போட்டோன்னு சொன்னேன், நீ பொண்ணத் தேடுன" என்றாள்.

மறுநாள் குரூப்பில் வாயால் பேசி அனுப்பினாள். எழுத வராது அவளுக்கு. "எல்லாருக்கும் வணக்கம்மா. தேசம்மா பேசுறேன். என் பொண்ணு இருக்கசொல்ல போட்ட மீன் போட்டோ யாராச்சும் வச்சிருந்தா எனக்குத் திருப்பி அனுப்புங்க. மீனு எதுவா இருந்தாலும் பரவால்ல. பக்கத்துல கை இருந்தா போதும்."

பதில் வந்துகொண்டே இருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். எல்லோரும் நல்லவர்கள்தான். மன்னிக்கணும்மா, நாங்க அன்னிக்கே அழிச்சிடுவோம். போன் மாத்திட்டேன் ஆன்ட்டி. கும்பிடுகிற கை நிறைய வந்தது, அழுகிற பொம்மை வந்தது. மீன் வாங்கிச் சாப்பிட்டு முடித்த பிறகு அந்த மீனின் படத்தை யார் வைத்துக்கொள்வார்கள்?

சண்முகசுந்தரம் என்று ஒரு பெரியவர், கொட்டிவாக்கத்தில் இருக்கிறார். தனி ஆள். அவர் மட்டும் எழுதவில்லை, கூப்பிட்டார். வீட்டுக்கு வரச் சொன்னார். போனோம். எங்களை சோபாவில் உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போனைத் திறந்தார்.

"பேரப்பிள்ளைங்க வீடியோவா அனுப்புறாங்கம்மா. அழிக்க அழிக்க நிரம்புது. மீன் படமெல்லாம் அப்பப்பவே அழிச்சிடுவேன். இது ஒண்ணுதான் நின்னுபோச்சு. பையன் அஸ்வத் கனடாவில இருக்கான். நெத்திலி வறுவல்னா அவனுக்கு உசிரு. பாருடா, இன்னிக்கு நம்ம வீட்டுல இதுன்னு அனுப்பி வச்சேன். அதுக்கு அவன் பதில் போடல. சரி, எப்பவாவது போடுவான்னு அதை அழிக்காம விட்டேன்."

போனை அக்கா கையில் கொடுத்தார்.

நெத்திலிக்குப் பக்கத்தில் கை வைத்தால் அளவு தெரியாது, அவ்வளவு பொடி மீன். அதனால் மேகலா அதைக் கையில் அள்ளி, உள்ளங்கையை விரித்துப் படம் எடுத்திருந்தாள். மற்ற படம் எல்லாவற்றிலும் புறங்கைதான் இருந்திருக்கும். இதில் ரேகை தெரிந்தது. நெத்திலி ஈரம் பட்டு மினுமினுத்தது. கட்டை விரல் தழும்பு ஓரமாகத் தெரிந்தது.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். பிறகு பெரியவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு நெத்திலி சரியில்ல சார். பாருங்க, வயிறு ஒடஞ்சிருக்குது. இத்த போடாதடி, நம்ம பேரு கெட்டுடும்னு அவளத் திட்டினேன். கேக்காம போட்டுட்டா."

"நல்லாத்தான்மா இருந்துச்சு. வறுத்துச் சாப்பிட்டேன்" என்றார் அவர்.

அங்கேதான் அழுதாள். பேனரைப் பார்த்தபோது அழாதவள், சைஃப் கடையில் அழாதவள், யாரோ ஒருத்தர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பெரியவர் என்ன செய்வது என்று தெரியாமல் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, அந்தப் படத்தை அக்கா போனுக்கு அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து அக்காவின் மீன் கடைக்கு சைஃப் வந்தான். கையில் புதுப் போன், அட்டைப் பெட்டியோடு.

"நூத்தியிருபத்தெட்டுக்கா. நீ கேட்டது. வச்சிக்கோ, என் மனசு கேக்கல."

அக்கா அதை வாங்கவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டு, அந்த நெத்திலிப் படத்தை எடுத்து அவனிடம் காட்டினாள்.

"இதுக்கு எவ்ளோ எடம் வேணும் நைனா?"

"இதுக்கா? ஒண்ணுமே வேணாம்க்கா. பட்டன் போன்லகூட நிக்கும்."

"அப்ப எடுத்துக்கினு போ."

அவன் நின்றுகொண்டே இருந்தான். அக்கா பலகையில் இருந்த ஒரு வஞ்சிரத்தின் பக்கத்தில் தன் குட்டைக் கையை வைத்தாள். வைத்துவிட்டு எடுத்தாள். பிறகு சைஃபைப் பார்த்து, "வந்ததுதான் வந்த, படமாச்சும் எடுத்துக் குடுத்துட்டுப் போ. எனக்கு ஒரு கையால வரமாட்டேங்குது" என்றாள்.

அக்கா மறுபடி கையை வைத்தாள், அவன் எடுத்துக் கொடுத்தான். குரூப்பில் போட்டார்கள். போன் ஒரு சிவப்பு எழுத்தும் காட்டாமல் உடனே அனுப்பியது.