அணையடியில் அரக்குச் சிவப்பு

மழை விட்ட மறுநாள், எங்கள் தெருவுக்கு மேலே இருந்த சின்ன மண் அணையின் அடியில் தண்ணீர் கசிவதைப் பார்த்தேன். அணை உடைந்தால் முதலில் முழுகுவது எங்கள் வீட்டில் பட்டு நெய்யும் தறிக்குழிதான்.

அணைக் காவலரிடம் ஓடினேன்.

"அது ஊத்துப்பா! ஆறாங்கிளாஸ் தாண்டாதவன் எனக்கு அணையப் பத்திச் சொல்லிக்கினு இருக்கான்" என்று சிரித்தார்.

ஊற்றா, அணைத் தண்ணீரா? பட்டுக்குச் சாயம் போட்டு மிஞ்சிய அரக்குச் சிவப்பை ஒரு குடம் கொண்டுபோய், கசிவுக்கு நேர் மேலே, அணைக்குள் கரையோரமாக ஊற்றினேன். கீழே வந்து குந்திக்கொண்டேன். வெயில் ஏறியும் தண்ணீர் தெளிவாகவே வந்தது. வீணாகப் பயந்தோமோ என்று எழுந்தபோது, காலடியில் ஓடியது சிவந்திருந்தது.

நான் கூப்பிட்டதும் காவலர் வந்து தொட்டுப் பார்த்தார்.

"சைக்கிள எடுபா, இன்ஜினீயர் ஆபீசுக்குப் போலாம்."