கோர்ட்டில் பாடாத ஒப்பாரி

நேற்று எதிர்வீட்டுச் சாவுக்கு வந்திருந்தவர்கள்: செத்தவரின் மகன், மருமகள், பால்காரர், ரேடியோ செட்டுக்காரர், நான். ஒப்பாரியைச் செட்டுக்காரர் கேசட்டில் போட்டார். நடுவில் டேப் சிக்கிக்கொண்டது. அவர் பென்சில் விட்டுச் சுற்றிச் சரிசெய்யும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீட்டில் சிரிக்கலாமா? ஒப்பாரி பாடி ஜெயிலுக்குப் போனவள் நான். அதனால் வந்திருக்கும்.

அது வெள்ளைக்காரன் ஆண்ட சண்டைக்காலம். சேலத்துக்குப் பக்கத்து நூல் மில்லில் எனக்கு ரீலிங் வேலை. நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுவது. அங்கே எல்லோரும் பெண்கள். எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த வாடை தலையில் ஏறினால் சீயக்காய்க்கும் போகாது. சோற்றிலும் அதுதான் மணக்கும்.

பஞ்சு ரூமில் வேலை பார்த்த பொன்னான் ஒரு நாள் மெஷின் பெல்ட்டில் சிக்கிச் செத்தான். கிடங்கு ஓரம் சாக்கு விரித்துக் கிடத்தினார்கள். எங்கள் பக்கம் பிணத்தை எடுக்கும்வரை அந்தத் தெருவில் அடுப்புக்கூட எரியாது. மேனேஜர் மெஷினை நிறுத்தவில்லை. பட்டாளத்துக்கு நூல் போக வேண்டுமாம். மேஸ்திரி வந்தார்.

"வேலையப் பாருங்க புள்ளெ. அவனப் பின்வாசல் வழியா எடுத்துருவாங்க."

"பின்வாசல்ல எடுக்க அவனென்ன செத்த எலிங்களா?" என்றாள் பக்கத்து ரீல்காரி ராமாயி. எடப்பாடிக்காரி.

எனக்குப் பேச்சு வராது. ஒப்பாரி வரும். முதலடி எடுத்தேன். ராமாயி வாங்கிப் பாடினாள். அப்புறம் எல்லோரும் வாங்கினார்கள். ஒப்பாரி பாடுகிறவள் கை மாரில் இருக்கும், ரீலில் இருக்காது. நாங்கள் வெளியே வந்ததைப் பார்த்து ஆண்களும் நிறுத்தினார்கள். பொன்னானை முன்வாசல் வழியாகத்தான் தூக்கிப் போனோம்.

மறுநாள் போலீஸ் வந்தது. வேலையை நிறுத்துவதானால் பதினான்கு நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டுமாம். தராமல் நிறுத்தினால் குற்றம். நிறுத்தச் சொல்லித் தூண்டினாலும் குற்றம். சண்டைக்காலச் சட்டம்.

"சாவு பதினாலு நாளைக்கு முந்தி நோட்டீஸ் குடுத்துட்டா வருதுங்க?" என்றாள் ராமாயி.

ஏட்டு நோட்டைப் பிரித்தார். "மொதல்ல பாடுனது யாரு?" என்றார்.

"நாந்தானுங்க" என்றேன்.

சேலம் கோர்ட்டில் சர்க்கார் வக்கீல், பாட்டில் 'மெஷினை நிறுத்து' என்று ஓர் அடி இருந்தது என்றார். மேஸ்திரி ஆமாம் என்றார். அப்படி ஓர் அடி கிடையாது. மேஜிஸ்ட்ரேட் என்னைப் பார்த்தார்.

"இங்கே பாடிக் காட்டு. அந்த அடி இல்லையென்றால் விட்டுவிடுகிறேன்."

பின்னாலிருந்து ராமாயி, "பாடிரு சாமி, ஊட்டுக்குப் போயிரலாம்" என்று முணுமுணுத்தாள்.

நீங்களே சொல்லுங்கள், அதெப்படிப் பாடுவது?

"சாவில்லாத எடத்துல ஒப்பாரி பாடறதில்லைங்க. பாடுனா அந்த எடத்துக்கு ஆகாது. உங்க ஊட்டுல யாராச்சும் போனா ஆளனுப்புங்க சாமி, வந்து பாடறேன்."

கோர்ட்டு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"செய்தது தப்பு என்றாவது சொல். அபராதத்தோடு போகலாம்."

"செத்தவனுக்கு அழுவறது தப்புங்களா? சொல்லமாட்டேனுங்க."

மில் இப்போது இல்லை. மனை போட்டு விற்றுவிட்டார்கள். முன்வாசல் இருந்த இடத்தில் பேக்கரி. சிட்டம் என்றால் என்னவென்று பேத்தி கேட்கிறாள். ராமாயியும் போய்விட்டாள். அவளுக்கு முதலடி நான்தான் எடுத்தேன். வாங்கிப் பாட ஆளில்லை.

எனக்குப் போட்டது ஆறு மாதம்.