அத்லோன் வரைக்கும் ஒரு ஓட்டம்

பதினொரு மணிப் பூசை முடிந்து, சர்ச் வாசலில் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்கும்போது இமெல்டா ஃபீனி மட்டும் நிற்பதில்லை. மகள்கள் இருவரையும் மாமியாரின் காரில் ஏற்றிவிட்டுத் தன்னுடைய ஏழு சீட் டீசல் வண்டியில் ஏறுவாள். நீலக் கோட்டு, காதில் சின்ன முத்து. வீட்டுப் பக்கம் திரும்பாமல் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பி அடுத்த ஊரான அத்லோன் வரைக்கும் போவாள். ஐந்தாவது கியர் போடவே மாட்டாள். நான்கிலேயே வைத்து, எஞ்சின் முள் மூவாயிரத்துக்குக் கீழே இறங்காமல் விரட்டுவாள். அத்லோனில் அவளுக்கு யாரும் இல்லை. ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு அதே வேகத்தில் திரும்பிவிடுவாள். இறங்கி ஒரு காபி குடிப்பதில்லை. எஞ்சின் சூடு ஆறிவிடும்.

டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது. வண்டி நெடுந்தூரம் வேகமாக ஓடினால் அந்தச் சூட்டில் கரி எரிந்துபோகும். இரண்டு மைல் போய் நிறுத்தி, மறுபடி இரண்டு மைல் போய் நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும். டீசலுக்குச் சாலை வரி குறைவு என்று சொன்ன வருடங்களில் எங்கள் ஊர் முழுக்க அடித்துப் பிடித்துக்கொண்டு டீசல் வாங்கியது. எதற்கு? பிள்ளையைப் பள்ளியில் விட, பால் வாங்க, பூசைக்குப் போக. வரியில் மிச்சம் பிடித்ததையெல்லாம் பிறகு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து கொட்டினார்கள். எங்கள் ஊர் பாலினஸ்லோவில் மலாக்கியின் ஒர்க்‌ஷாப்பில் பில் எழுதுகிறவன் நான். அந்தப் புத்திசாலித்தனத்தில்தான் எனக்குச் சம்பளம் ஓடுகிறது.

இமெல்டாவுக்கு வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனிக்கும் வேலை. ஏழு மணிக்கு ஒரு கிழவருக்குக் காலுறை மாட்டிவிட வேண்டும். ஏழே முக்காலுக்கு வேறொரு வீட்டில் ஓட்ஸ் கஞ்சி, மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்பது வீடுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றரை மைல், இரண்டு மைல். வீட்டுக்குள் இருக்கும் நேரத்துக்குத்தான் கம்பெனி கூலி கொடுக்கும். சாலையில் இருக்கும் நேரம் அவளுடைய சொந்த நேரமாம். சொந்தக் கார் கட்டாயம் என்று ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே போட்டிருக்கிறார்கள். அந்த வேலைதான் அந்த வண்டியைக் கொல்கிறது, அந்த வண்டி இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். அவள் வயிறு எரிந்து நான் பார்த்ததில்லை.

வண்டியைப் பழையதாக வாங்கிவந்தவன் அவள் கணவன் டெக்லன். மூன்று வருடத்துக்கு முன்னால் கட்டட வேலைக்கென்று கடல் தாண்டிப் பெர்த் நகருக்குப் போனான். அங்கே இப்போது அவனுக்கு வேறொரு குடித்தனம். விமான நிலையத்தில் இறங்கும்போது சாவியை அவள் கையில் வைத்து, "ஆறு மாசத்துல இத வித்துட்டு எனக்குப் போன் போட்டு அழுவ பாரு" என்றானாம். இதை எங்களிடம் சொன்னது அவள் இல்லை, அவன்தான். சிரித்துக்கொண்டே மலாக்கிக்குப் போனில் சொன்னான். அவள் இன்றுவரை அவனுக்குப் போன் போடவில்லை.

அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு நான் எழுதிய பில்கள் எனக்கு மனப்பாடம். சாலைக்குழியில் உடைந்த முன் ஸ்பிரிங், நூற்றெண்பது யூரோ. கிழிந்த டர்போ ஹோஸ், நூற்று நாற்பது. புகையைத் திருப்பி அனுப்பும் வால்வு கரி பிடித்து இறுகிப்போனதற்கு முந்நூற்றெண்பது. பின்சக்கரப் பேரிங் இரண்டு தடவை. அவள் வண்டியை 'இவ' என்றுதான் சொல்வாள். சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவாள். "ஊஊன்னு இல்ல மலாக்கி, ங்ங்ன்னு. இடது பக்கம் திரும்புனா அழறா, வலது பக்கம் திரும்புனா கம்முனு இருக்கா." மலாக்கி வண்டியைத் தூக்கிப் பார்க்காமலே பேரிங்குக்கு ஆர்டர் கொடுத்துவிடுவான். ஒருநாளும் தப்பியதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு அத்லோனில் ஒருவன் இருக்கிறான் என்று ஊர் ஒரு கதை கட்டியது. அவள் கவனிக்கப் போகும் ஹேன்லி கிழவரின் வீட்டு வாசலில், ஃபில்டர் அடைத்துவிட்டதென்று மஞ்சள் விளக்கு எரிந்த வண்டியின் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்துக்கோ கண்ணு, நாம ரெண்டு பேரும் போலாம்" என்று அவள் சொன்னது மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டவளின் காதில் விழுந்திருக்கிறது. போதாதா? முதல் வாரம் அவன் அத்லோன் போலீஸ்காரன். அடுத்த வாரம் மாட்டு டாக்டர், பெண்டாட்டி உள்ளவன். மலாக்கி இதை அவளிடமே சொல்லிச் சிரித்தான். "டாக்டராவே இருக்கட்டும், நல்ல உத்தியோகம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வண்டி மேட்டில் ஏறமாட்டேன் என்று இருபது மைல் வேகத்தில் திணறிக்கொண்டு வந்து சேர்ந்தது. மலாக்கி ஒரு மணி நேரம் பார்த்தான். ஃபில்டரில் இப்போது இருப்பது கரி இல்லை, சாம்பல். எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஓட்டினாலும் சாம்பல் எரியாது. கிளட்சும் ஃப்ளைவீலும் சேர்ந்தே கெட்டுப்போயிருந்தன. எஸ்டிமேட் எழுதினேன்: மூவாயிரத்து நூறு யூரோ. வண்டியை விற்றால் இரண்டாயிரம் வந்தால் அதிகம். வருடாந்திரச் சோதனைக்குப் பதினாலாம் தேதி கெடு. அதில் தேறாத வண்டியைக் கம்பெனி ஒப்புக்கொள்ளாது. இமெல்டா அந்தக் காகிதத்தை நின்றபடியே படித்தாள். திரும்ப மேலிருந்து படித்தாள். ஃபில்டர் பழையதாகக் கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்காது என்றேன்.

அந்த நேரம் பார்த்து மாமியார் கன்செப்டா உள்ளே வந்தார், டயர் மாற்ற. இருபது வருடத்துச் சின்ன பெட்ரோல் கார் அவருடையது, ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. ஞாயிறு சாயங்காலம் தவறாமல் பெர்த்துக்குப் போன் பேசுகிறவர். மருமகளைக் கண்டதும் கதவோரத்திலேயே நின்றுவிட்டார். மலாக்கி வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டான்.

"ஊரு பேசறது என் காதுலயும் விழுது இமெல்டா" என்றார் கன்செப்டா. "பிள்ளைங்கள நான் வச்சுக்கறதாலதான நீ போற. யாரு அவன்?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஒரே ஒரு வாக்கியம், கதை முடிந்துவிடும். காகிதம் மேஜைமேல் திறந்தே கிடந்தது. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை பெர்த்துக்குப் போய்ச் சேரும், அங்கே ஒருவன் விழுந்து விழுந்து சிரிப்பான். இமெல்டா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"நல்ல உயரம்" என்றாள் மாமியாரிடம். "டெக்லனவிட ரெண்டு அங்குலம் ஜாஸ்தி."

கன்செப்டாவின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப இனிமே ஞாயித்துக்கெழம பிள்ளைங்கள எங்கிட்ட விடாத."

"சரி."

"அது என்ன காகிதம்?"

இமெல்டா எஸ்டிமேட்டை எடுத்தாள். எழுத்து உள்பக்கம் போகும்படி இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், மடிப்பை நகத்தால் நீவினாள். பிறகு மாமியார் நன்றாகப் பார்க்கும்படி, மெதுவாக, சீருடையின் மேல் பட்டனைக் கழற்றி அதை நெஞ்சோரமாகச் செருகிக்கொண்டாள்.