ஸ்பீக்கர்: பாதி வேலை செய்யும்

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிய காலத்தில் அண்ணாத்தே வண்டியை மட்டும் ஓட்டியவர் இல்லை. ஏறுகிறவர், இறங்குகிறவர், குறுக்கே வருகிறவர் எல்லாரிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் அடுத்த கியர் போடுவார். மெட்ரோ வேலைக்குச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தபோது, "தலைக்கு மேல ரயிலு வரப்போதாம், காலுக்குக் கீழ ரோட்டக் காணோம்" என்பார். நகர்ந்து உட்கார மாட்டேன் என்று முறைக்கிற அம்மாவிடம், "கொஞ்சம் தள்ளிக் குந்துமா, சொத்தா எழுதி வாங்கப் போறோம், ஆவடி வரிக்கும்தான்" என்பார். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே தள்ளி உட்காரும்.

நான் தெற்கே இருந்து பிழைக்க வந்தவன். சென்னீர்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊர்ப் பேச்சின் மேல் எனக்கு ஆசை வந்ததே அவரால்தான். நாலு பேர் வாயிலிருந்து நல்லதாக ஒரு வார்த்தை விழுந்தால், அன்றைக்கு வியாபாரம் இல்லாவிட்டாலும் எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

அப்படிப்பட்ட மனிதருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். தழும்பில் பட்டால் எரிகிறது என்று அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆட்டோவைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு, சேக்காட்டிலிருந்து பஸ் பிடித்து என் கடைக்கு வந்து உட்காருவது வழக்கமாயிற்று.

அவரிடம் ஒரு பழைய போன் இருந்தது. முதுகில் பெரிய ஸ்பீக்கர், பாட்டுப் போட்டால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். அதில் ஒரு ஆப். தமிழில் தட்டினால் ஆண் குரலில் வாசிக்கும், செய்தி வாசிக்கிறவர் மாதிரி சுத்தமாக. முதல் நாள் கடை வாசலில் நின்று, "இன்னா மாமே, ஈ ஓட்டினு கீறியா" என்று அந்தச் சுத்தமான குரலில் போன் கேட்டபோது, பக்கத்து டீக்கடையே எழுந்து வந்து சிரித்தது. மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

போனுக்கு வயசாயிற்று. தட்டிவிட்டு அழுத்தினால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றி முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். ஒரு நாள் டீக்கடையில் பஸ்ஸைப் பற்றி ஏதோ கேலியாகத் தட்டினார். போன் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ஒருவர் வந்து, மாமனார் தவறிவிட்டார், காரியத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து போன் சத்தமாகச் சொன்னது: "போனா போவட்டும், பின்னால காலியா ஒண்ணு வருது பாரு." அண்ணாத்தே கையெடுத்துக் கும்பிட்டார், போனைக் காட்டினார், தலையில் அடித்துக்கொண்டார். எதுவும் எடுபடவில்லை.

மகள் புதுப் போன் வாங்கிக் கொடுத்தாள். அதில் அந்தப் பழைய ஆப் ஏறவில்லை. நான் தேடிப் பார்த்த வரைக்கும் தமிழுக்குக் கிடைத்ததெல்லாம் பெண் குரல். என் போனிலும் அதே குரல்தான். பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு சொல்கிற பொண்ணு மாதிரி. அவர் பேப்பரில் எழுதிக் காட்டினார்: "பொண்ணு நிச்சயத்துல நான் பொம்பளக் கொரல்ல பேசணுமா?"

விஷயம் அதுதான். தை பிறந்ததும் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ், அமைதியான குடும்பம். தட்டு மாற்றும்போது பெண்ணைப் பெற்றவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுவரை பேச்சுவார்த்தை எல்லாவற்றையும் மச்சான், அதாவது அண்ணியின் அண்ணன், பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கும் நானே சொல்லிட்றேன், நீ கம்முனு குந்து" என்று அவர் சொன்னதிலிருந்து அண்ணாத்தேவுக்குச் சோறு இறங்கவில்லை என்று அண்ணி என்னிடம் சொன்னார்.

என் கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ். முன்பு ஒரு முறை வைரஸ் வந்து எல்லாம் போனபோது, வீடியோ பார்த்து நானே போட்டது. அதில் தமிழைப் படித்துக் காட்டுகிற ஒரு சின்னப் புரோகிராம் உண்டு. சும்மா ஒரு நாள் அதை ஓட்டிக் காட்டினேன். இரும்புப் பீப்பாய்க்குள் உட்கார்ந்து ஒருவன் பேசுகிற மாதிரி குரல். அண்ணாத்தே இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார். பிறகு கீபோர்டை இழுத்துத் தட்டினார்: "தண்ணி போட்ட எமன் மாதிரி கீது. ஆனா ஆம்பள."

நிச்சயத்துக்கு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவருடைய பழைய போனிலேயே லினக்ஸ் போட்டுவிட்டால்? போனும் வேகமாகும், குரலும் கிடைக்கும். தேடினேன். எங்கேயோ ஒரு புண்ணியவான் அந்த மாடலுக்கென்றே செய்து வைத்திருந்தான். இதைவிட சுலபமான வழி வேறு இருந்திருக்கலாம். தானாகக் கற்றுக்கொண்டவனுக்குத் தான் வந்த பாதை மட்டும்தானே தெரியும்.

அந்தப் பக்கத்தில் எது எது வேலை செய்யும் என்று ஒரு அட்டவணை இருந்தது. திரை: செய்யும். தொடுதல்: செய்யும். வைஃபை: செய்யும். ப்ளூடூத்: செய்யாது. ஸ்பீக்கர்: பாதி. இங்கிலீஷில் இருந்ததை அவருக்குத் தமிழில் வாசித்தேன். அவர் தட்டினார்: "பாதி போதும். நான் பாதி பேசுனாலே ஊரு தாங்காது."

"அண்ணாத்தே, உள்ளே இருக்கற எல்லாம் அழிஞ்சிடும். திரும்ப உயிர் வராமலேகூடப் போகலாம்" என்றேன்.

"எனக்கே வந்துச்சி. போடு" என்று தட்டினார்.

ஒரு மத்தியானம் உட்கார்ந்தோம். பூட்டை எடுக்கவா என்று போன் கேட்டது. எடுத்தால் எல்லாம் போய்விடும் என்று எச்சரித்தது. அவரே கட்டை விரலால் அழுத்தினார். கேபிள் ஆடினால் காரியம் கெட்டுவிடும் என்று சொல்லியிருந்ததால், கைக்குழந்தையின் தலையைப் பிடிக்கிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் எழுத்து வரிவரியாக ஓடியது. நடுவில் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர், "இன்னாண்ணே, போனுக்கு குளுக்கோஸ் ஏத்துறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

போன் எழுந்தது. தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவைப் போட்டதும் சரியானது. விரல் வைத்த இடத்தில் உடனே திறந்தது. வட்டம் சுற்றவில்லை. அண்ணி அதற்குள் பொங்கல் தூக்கோடு வந்து சேர்ந்தார். "இப்ப பேசும்" என்றேன் அவரிடம், பெரிய மனுஷன் மாதிரி.

அண்ணாத்தே தட்டி அழுத்தினார்.

ஒன்றுமில்லை. சத்தத்தைக் கூட்டினேன். கோடு கடைசி வரைக்கும் போனது. ஒன்றுமில்லை. அணைத்துப் போட்டேன். கேபிளை மாற்றினேன், கட்டளையை மாற்றினேன், ஊதிக்கூடப் பார்த்தேன். பாட்டுப் போட்டால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற ஸ்பீக்கர் வெறும் ஓட்டையாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, பழக்க தோஷத்தில், அவர் போனைக் காதில் வைத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் போனைக் காதில் வைத்து நான் பார்த்ததே இல்லை, யாரோடு பேச? முகம் மாறியது. மெதுவாக என்னிடம் நீட்டினார். வைத்துக் கேட்டேன். கொசு பாடுகிற மாதிரி, அந்த இரும்புக் குரல்: "இன்னா மாமே."

அப்போதுதான் பாதி என்றால் என்னவென்று விளங்கியது. பாதிச் சத்தம் இல்லை. போனில் இரண்டு ஸ்பீக்கர்; காதில் வைக்கிற சின்னது வேலை செய்யும், முதுகில் இருக்கிற பெரியது செய்யாது. நாங்கள் பாதியை வேறு மாதிரி பங்கு போட்டுக்கொண்டோம்.

பழைய ஆண்ட்ராய்டையே திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கர் ஊரைக் கூட்டியது. ஆனால் அந்தப் பழைய ஆப் இறக்கிக்கொள்ள வேண்டிய ஆண் குரல் இப்போது கிடைப்பதில்லை, எடுத்துவிட்டார்களாம். சத்தம் இருந்தது, குரல் இல்லை. மறுபடி லினக்ஸ். குரல் இருந்தது, சத்தம் இல்லை. அண்ணாத்தே என் தோளைத் தட்டினார். போதும், விடு என்று அர்த்தம்.

அப்புறம் அவர் பேச வேண்டுமானால், தட்டிவிட்டு, எதிரில் இருப்பவரிடம் போனை நீட்டுவார். அவர் அதைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். டீக்கடைக்காரர்கள் முதலில் வைத்தார்கள். மெட்ரோ இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "அப்பறமா கேக்குறண்ணே, கையில எண்ணெய்" என்றார்கள். கையில் எண்ணெய் இல்லாதவர்களும் அதையே சொன்னார்கள். கடைசியில் நான் ஒருவன்தான் வைத்துக்கொண்டேன்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் கடைக்கு வந்து, சொல்லப்போவதைத் தட்டி என் காதில் வைத்தார். "சம்மதம். எம் பொண்ணு வாய் ஓயாம பேசும். பேச உடுங்க."

நான் கொஞ்ச நேரம் கல்லாவில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். பிறகு, "நான் வேணா சத்தமா சொல்லிடவா அண்ணாத்தே, உங்க பக்கத்துல நின்னு?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். தட்டினார். இன்னொரு தரம் காதில் வைத்தேன். "மச்சான் வாயும் வாணாம், உன் வாயும் வாணாம்."

சேக்காட்டில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகள். மாப்பிள்ளையின் அப்பா மடித்த துண்டும் மெல்லிய பேச்சுமாக இருந்தார். தட்டுகளை நடுவில் வைத்தார்கள். "பொண்ணு வீட்டுக்காரங்க சொல்லுங்க" என்றார் ஒரு பெரியவர். மச்சான் தொண்டையைச் செருமினார். அதற்குள் அண்ணாத்தே எழுந்து, போனை அழுத்தி, சம்பந்தியிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

சம்பந்தி வாங்கினார். காதில் வைத்தார். "ஹலோ" என்றார்.

"ஹலோ, யாரு? சொல்லுங்க. கேக்குது, சொல்லுங்க." எழுந்து மாடிச் சுவர் ஓரமாகப் போனார், சிக்னல் அங்கேதான் கிடைக்கும் என்கிற மாதிரி. "சரிங்க. சரிங்க. நல்லபடியா நடக்குது." திரும்பி வந்து போனை அண்ணாத்தே கையில் கொடுத்தார். "லைன் சரியில்ல சார். கரகரன்னு இருக்கு. கட் ஆயிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை, அழவுமில்லை. பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. மகள் மட்டும் அப்பாவைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப்போனேன். அண்ணாத்தே என்னைப் பார்த்து வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். மச்சான் சொல்ல வேண்டியதைச் சொன்னார்: சம்மதம், பொண்ணு இனி உங்க பொண்ணு. தட்டு மாறியது.

சாப்பாட்டுக்கு முன்னால் சம்பந்தி என்னிடம் வந்தார். "போன்ல யாரு சார்? ரொம்ப தூரத்துல இருந்து பேசின மாதிரி இருந்துச்சு."

"அவர்தாங்க" என்றேன்.

"அவர்னா, துபாய்ல இருக்கார்னு சொன்னாங்களே, அந்தத் தம்பியா?"

"இல்லைங்க, அவர்..." என்று நான் ஆரம்பிக்க, போட்டோ எடுக்க அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். போகிற போக்கில் திரும்பி, மரியாதையாகச் சொன்னார்: "மறுபடி கூப்பிட்டா கொடுங்க சார், பேசறேன்."

அண்ணாத்தே பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார். என் பக்கம் வந்தபோது இலைக்கட்டைக் கீழே வைத்து, தட்டி, போனை நீட்டினார். காதில் வைத்தேன்.

"லைன் சரியில்லயாம் மாமே."

அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா என்று கேட்க, சத்தம் இருந்தால்தானே. நான் போனைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.