காற்று பார்த்த நர்ஸ்

திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வந்த பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு நர்ஸ். ஐம்பது வயதிருக்கும். உப்புக்காற்றில் கறுத்த முகம். தூங்கினாலும் தீராத களைப்பு. கடல் நடுவே ஒரு குட்டித் தீவு நாட்டில் வேலை, லீவுக்கு வந்திருக்கிறேன் என்றார்.

பின்னாலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து எங்களைக் கடந்து போனது. எல்லோரும் அதைப் பார்க்க, அவர் மட்டும் குனிந்து ஜன்னல் வழியே ரோட்டோரத் தென்னையின் உச்சியைப் பார்த்தார்.

“மரத்துல என்னக்கா?”

“காத்து எப்படின்னு பார்த்தேம்மா. பழகிருச்சு. அங்க பெரிய ஆஸ்பத்திரி வேற தீவுல இருக்கு. காத்தடிச்சா எங்க சின்னப் படகு போகாது. வெளிநாட்டுக்காரங்க உதவின்னு ஆம்புலன்ஸ் குடுத்தாங்க. அம்புட்டு நல்ல வண்டி. ஆனா படகுத்துறையோட ரோடு முடிஞ்சிருது. போன மழையில ஒரு பிள்ளைத்தாச்சி அந்த வண்டிக்குள்ளயே, கடலைப் பார்த்துக்கிட்டே உசுர விட்டுச்சு.”

“பெரிய படகு கேட்கலாம்ல?”

“கேட்டோம். இந்த வருசம் இன்னொரு ஆம்புலன்ஸ் வருதாம்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மறுபடி குனிந்து வெளியே பார்த்தார். ஓலை ஒன்றுகூட அசையவில்லை.

“காத்து இல்ல. அந்த வண்டியில போறவங்க பொழச்சுக்குவாங்க,” என்றார்.

மதுரை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ரோடு இருக்கிறது, காற்றடித்தால்தான் என்ன என்று நினைத்தபடியே நானும் குனிந்து தென்னையின் உச்சியைப் பார்த்தேன்.